போட்டவர் வைத்த பெயர்

1983இல் இங்கிலாந்தின் காங்கோல் தொப்பிக் கம்பெனி தன் சின்னமாக ஒரு கங்காருவை எடுத்துக்கொண்டது. அந்தக் கம்பெனிக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. அமெரிக்கக் கடைகளுக்கு வந்தவர்கள் "கங்காரு தொப்பி இருக்கிறதா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். காங்கோல் என்ற பெயர் அவர்கள் காதில் அப்படித்தான் விழுந்திருந்தது. கம்பெனி யாரையும் திருத்தப் போகவில்லை. கேட்டவர் வாய்ச்சொல்லையே படமாக வரைந்து தொப்பியில் ஏற்றிவிட்டது.

காங்கோல் என்பதே ஒட்டுப்போட்டு உண்டாக்கிய சொல். பின்னலைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் முதலெழுத்து 'கே'. பட்டுத்துணியைக் குறிக்கும் சொல்லின் கடைசி எழுத்து அது என்பாரும் உண்டு. அங்கோரா ரோமத்திலிருந்து 'அங்'. கம்பளிக்கான 'ஊல்' என்ற சொல்லின் வாலிலிருந்து 'ஓல்'. மூன்றையும் சேர்த்தவர் ஜேக்கப் ஸ்ப்ரைரெகன். வார்சாவில் பிறந்த யூதர், முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் படையில் இருந்தவர். பிரான்சிலிருந்து பெரே தொப்பிகளை வரவழைத்து விற்றுக்கொண்டிருந்தவர், 1938இல் வடமேற்கு இங்கிலாந்தின் கம்பர்லாந்து வட்டாரத்தில் கிளீட்டர் என்ற சிற்றூரில் தாமே ஒரு தொழிற்சாலையைத் தொடங்கினார். அந்த வட்டாரத்தில் வேலையில்லாத் திண்டாட்டம் தலைவிரித்தாடிய காலம் அது. அரசாங்கமே 1934இல் அதைச் சிறப்புக் கவனம் தேவைப்படும் பகுதி என்று சட்டம் போட்டு அறிவித்திருந்தது.

கிளீட்டரில் செய்த சரக்கின் பெயர் பெரே. விளிம்போ முகப்போ இல்லாத, வட்டமான, தட்டையான, மெத்தென்ற கம்பளித் தொப்பி. நியூயார்க் இளைஞர்கள் கங்காரு தொப்பி என்று கேட்டதோ பெரும்பாலும் பெரேயை அல்ல, விளிம்பு தொங்கும் பக்கெட் தொப்பியை. ஆக, பெயர் ஒரு தொப்பியிலிருந்து இன்னொரு தொப்பிக்குத் தாவியிருக்கிறது. நாம் எந்தக் கம்பெனி எந்திரத்தில் நகலெடுத்தாலும் ஜெராக்ஸ் என்பதும், எந்த வனஸ்பதியையும் டால்டா என்பதும் போன்ற சங்கதிதான். ஆனால் தொப்பிப் பெயர்களின் வரலாற்றில் இப்படி நடப்பது விதிவிலக்கே அல்ல, அதுதான் விதி. செய்தவர் வைத்த பெயர் நிற்பதில்லை. போட்டவர், அதிலும் மேடையேறி நாலு பேர் பார்க்கப் போட்டவர் வைத்த பெயரே நிற்கிறது. பெரே என்ற சொல்லை அடியிலிருந்து பிடித்துக்கொண்டு வந்தால் இது விளங்கும்.

பிரெஞ்சுக்காரர் இந்தச் சொல்லைத் தங்கள் நாட்டின் தென்மேற்கு மூலையிலிருந்து பெற்றார்கள். பிரனீஸ் மலையடிவாரத்தில் பேயார்ன் என்ற பகுதி இருக்கிறது. அங்கே பேசப்படும் காஸ்கன் வழக்கில் இது 'பெர்ரெட்'. பாரிஸ் வாசிகளின் பிரெஞ்சுக்குள் அது நுழைந்தது 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான். சில ஆண்டுகளில் ஆங்கிலமும் வாங்கிக்கொண்டது. பெர்ரெட்டுக்கு முன்னோடி இடைக்கால லத்தீனில் இருந்த 'பிர்ரெத்தும்'. அதற்கும் முன்னால் ரோமப் பேரரசின் கடைசி நூற்றாண்டுகளில் வழங்கிய 'பிர்ருஸ்'.

பிர்ருஸ் தொப்பி அல்ல. தலையையும் சேர்த்து மூடும் கம்பளிப் போர்வை அது. மழைக்குச் சாக்கின் ஒரு மூலையை இன்னொரு மூலைக்குள் திணித்துத் தலையில் மாட்டிக்கொண்டு வயலில் நிற்பார்களே, நம் கொங்காணி, ஏறக்குறைய அந்த அமைப்பு. போர்வையில் தலையை மூடும் பகுதி மட்டும் காலப்போக்கில் தனியே பிரிந்தது. அதற்குச் சிறுமை விகுதி சேர்ந்து பிர்ரெத்தும் ஆயிற்று. கத்தோலிக்கக் குருமார் அணியும் நான்கு மூலைத் தொப்பியான 'பிரெட்டா', ஜெர்மானியரின் 'பாரெட்', இத்தாலியில் இன்று அகன்ற விளிம்பில்லாத தொப்பிகளுக்கு வழங்கும் 'பெர்ரெத்தோ' எல்லாம் இந்த ஒரே வயிற்றுப் பிள்ளைகள். போப்பாண்டவர் ஒருவரைக் கர்தினாலாக உயர்த்தும்போது தலையில் வைக்கும் சிவப்புத் தொப்பியும், பேயார்னில் ஆடு மேய்ப்பவரின் கறுப்புத் தொப்பியும் சொல்லளவில் உடன்பிறப்புகள்.

பிர்ருஸுக்கு மேலே போனால் வழி கொஞ்சம் மங்குகிறது. அது கெல்டிக் மொழிகளில் 'குட்டையான' என்று பொருள்படும் சொல்லிலிருந்து வந்திருக்கலாம் என்று அறிஞர் பலர் கருதுகிறார்கள். வேல்ஸ் மொழியில் இன்றும் குட்டைக்கு 'பிர்' என்றே பெயர். இதற்குத் துணை நிற்கும் சான்று ஒன்று உண்டு. கி.பி. 301இல் டயோக்ளீஷியன் என்ற ரோமப் பேரரசர் பண்டங்களுக்கு உச்ச விலை நிர்ணயித்துக் கல்லில் பொறித்த ஆணை ஒன்றை வெளியிட்டார். அதன் துணிப் பட்டியலில் 'பிர்ருஸ் பிரித்தானிக்குஸ்' என்ற பெயர் வருகிறது. பிரிட்டனில் நெய்து பேரரசு முழுவதும் விலைபோன கம்பளிப் போர்வை. அந்தத் தீவிலிருந்து போர்வையாகக் கப்பலேறிய சொல், 1600 ஆண்டுகளுக்கு மேல் தென் ஐரோப்பாவில் சுற்றிவிட்டு, வார்சாக்காரர் ஒருவரின் கையால் தொப்பியாகக் கிளீட்டரில் வந்து இறங்கியிருக்கிறது. எத்தனையோ சொற்களின் வழித்தடத்தைப் பார்த்திருக்கிறேன். இப்படிப் புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்ந்தவை மிகக் குறைவு.

இதே கதை இன்னொரு குடும்பத்திலும் நடந்திருக்கிறது. 'காப்பா' என்பது பின்னாளைய லத்தீனில் தலைமூடியோடு கூடிய மேலங்கி. நாம் கேப் என்று சொல்வது அதன் வழி வந்தது. பிரெஞ்சுக்காரரின் 'ஷாப்போ' அதன் வழி வந்தது. தூர் நகரத்துப் புனித மார்ட்டின் தம் மேலங்கியை வாளால் இரண்டாக வெட்டிப் பாதியைப் பிச்சைக்காரருக்குக் கொடுத்தார் என்பது ஐதீகம். மீதிப் பாதியைப் பிராங்க் இன அரசர்கள் புனிதப் பொருளாகக் காத்துவந்த இடத்துக்குச் சிறுமேலங்கி என்று பொருள்பட 'காப்பெல்லா' என்றே பெயர் ஆயிற்று. சிற்றாலயத்தைக் குறிக்கும் 'சாப்பல்' அப்படிப் பிறந்தது. வாத்தியம் ஏதுமின்றிக் குரலால் மட்டும் பாடுவதை 'அ காப்பெல்லா' என்கிறோமே, அதன் பொருள் 'ஆலயத்தில் பாடும் முறைப்படி' என்பது. இசைக்காரர்கள் தொப்பியைத் தலையில் ஏற்றிக்கொள்வதற்கு வெகுகாலம் முன்பே தொப்பியின் தாய்ச்சொல் இசைக்குள் ஏறி உட்கார்ந்துவிட்டது.

பேயார்ன் மேய்ப்பர்களிடம் திரும்புவோம். அங்குள்ள பெல்லோக் என்ற ஊரின் தேவாலயத்தில் 13ஆம் நூற்றாண்டுச் சிற்பங்கள் சில இந்த வகைத் தொப்பியோடு நிற்கின்றன. தொப்பி எப்படித் தோன்றியது என்பதற்கு மலைக்காரர்கள் நோவாவின் பேழைக் கதையைச் சொல்வார்கள். பேழையின் தரையில் உதிர்ந்து கிடந்த ஆட்டு ரோமத்தை விலங்குகள் நாற்பது நாள் மிதித்து மிதித்துக் கெட்டித் துணியாக்கிவிட்டனவாம். நோவா அதை வட்டமாக வெட்டித் தலையில் வைத்துக்கொண்டாராம். கதை கதைதான் என்றாலும் தொழில்நுட்பம் பிசகவில்லை. ஈரமும் சூடும் அழுத்தமும் சேர்ந்தால் கம்பளி இழைகள் ஒன்றோடொன்று கவ்விக்கொண்டு இறுகும். பெரே செய்வதன் உயிர்நாடி அதுவே.

முதலில் அளவுக்கு மீறிப் பெரிதாகப் பின்னுவார்கள். அந்த நிலையில் அது தொளதொளவென்று தலையில் நிற்காமல் சரியும். பிறகு வெதுவெதுப்பான சோப்பு நீரில் போட்டு மரச் சம்மட்டிகளால் மணிக்கணக்கில் அடிப்பார்கள். ஏறத்தாழப் பாதி அளவுக்குச் சுருங்கி, பின்னல் கண்ணுக்கே தெரியாமல், மழைத் தண்ணீர் புகாத கெட்டித் துணியாகும். சாயம் தோய்த்து, அச்சில் மாட்டி, ரோமத்தை வாரிவிட்டு, வெட்டிச் சீர்செய்வார்கள். நடுவில் ஒரு சிறு காம்பு நீட்டிக்கொண்டிருக்கும். அலங்காரத்துக்காக வைத்தது என்று பலரும் நினைப்பதுண்டு. பின்னல் வந்து முடியும் இடம் அது. மையத்தில் துளை விழாதபடி இழைகளை அங்கே சேர்த்து மூடுவார்கள். பேயார்ன் வழக்கில் அதற்கு 'கபியு' என்றும் பாஸ்க் மொழியில் 'ச்செர்த்தெனா' என்றும் தனிப் பெயர்கள் உண்டு. ஒரு விரற்கடைகூட இல்லாத காம்புக்குத் தனிப் பெயர் இருந்தால் அந்தப் பொருளோடு அம்மக்கள் எவ்வளவு நெருங்கி வாழ்ந்திருக்கிறார்கள் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

உலகம் இதை 'பாஸ்க் பெரே' என்று அழைக்கிறது. பேயார்ன்காரர்களுக்கு இதில் தீராத மனக்குறை. ஒலோரோன் ஊரில் 1840 முதல் பெரே செய்துவரும் லோலேர் நிறுவனம் பேயார்னில்தான் இருக்கிறது. மூன்றாம் நெப்போலியன் பியாரிட்ஸ் கடற்கரையில் அரண்மனை கட்டியபோது, பாஸ்க் கொத்தனார்கள் தலையில் இதைப் பார்த்துவிட்டு 'பாஸ்க் பெரே' என்று அழைத்தார், அப்படியே நிலைத்துவிட்டது என்று ஒரு கதை வழங்குகிறது. கதை உண்மையோ இல்லையோ, பெயர் அணிந்தவரைப் பார்த்துச் சூட்டப்பட்டதே ஒழிய, பின்னியவரைப் பார்த்து அல்ல.

பாஸ்க் மக்கள் தங்கள் மொழியில் இதைப் பெரே என்பதே இல்லை. 'ச்சாபெலா' என்கிறார்கள். அது ஷாப்போவின் பழைய பிரெஞ்சு வடிவத்திலிருந்து, அதாவது காப்பா குடும்பத்திலிருந்து பெற்றது. ஸ்பானியர் 'போய்னா' என்கிறார்கள். அவர்கள் அகராதி அது பாஸ்க்கிலிருந்து வந்தது என்கிறது. அண்டை வீட்டார் ஒவ்வொருவரும் அடுத்தவர் சொல்லை எடுத்துக்கொண்டு தம்முடையதை விட்டுவிட்டதுபோல் இருக்கிறது.

பாஸ்க் மொழியில் இந்தத் தொப்பிக்குக் கிடைத்த பெருமை வேறெங்கும் கிடைக்கவில்லை. 'ச்சாபெல்துன்' என்றால் தொப்பி உடையவர் என்பது நேர்ப்பொருள். வழக்கில் அதன் பொருள் வெற்றியாளர், சாம்பியன். எந்தப் போட்டியில் வென்றாலும் பெரிய தொப்பி ஒன்றைத் தலையில் சூட்டுவார்கள். நாம் 'வாகை சூடினார்' என்று இன்றும் எழுதுகிறோம். வாகைப்பூவை யாரும் சூடுவதில்லை. அங்கே சொல்லும் இருக்கிறது, சூடுவதும் இருக்கிறது. அந்தத் தொப்பிகளில் மிகுந்த மதிப்புக்குரியது பெர்ட்சோலாரிகளின் தொப்பி. பெர்ட்சோலாரி நம் மரபில் ஆசுகவிக்கு நேரானவர். கொடுத்த பொருளில், கொடுத்த மெட்டில், மேடையிலேயே நின்று செய்யுள் கட்டிப் பாடுபவர். பொதுவாக நாலாண்டுக்கு ஒருமுறை நடக்கும் பெரும்போட்டியின் இறுதிச் சுற்றை ஆயிரக்கணக்கானோர் நாள் முழுக்க உட்கார்ந்து கேட்கிறார்கள். 2009இல் மைய்யாலென் லுகான்பியோ அதில் வென்ற முதல் பெண் ஆனார். 2017இலும் 2022இலும் மீண்டும் வென்றார். ஆண்களின் தொப்பியாகவே நெடுங்காலம் இருந்த ச்சாபெலா ஒரு பெண்ணின் தலையில் மூன்று முறை ஏறியிருக்கிறது.

இராணுவத்தில் பெரே போன வழி எல்லோருக்கும் தெரிந்ததுதான். பிரெஞ்சு மலைப்படை 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் அணிந்தது. அதைப் பார்த்து பிரிட்டிஷ் டாங்கிப் படை 1924இல் கறுப்புப் பெரேயை ஏற்றது. டாங்கியின் குறுகிய வாயிலில் நுழையும்போது முட்டாது, எண்ணெய்க் கறை தெரியாது, மேலேயே காதொலிக் கருவியை மாட்டலாம். நம் என்.சி.சி. பிள்ளைகள் பெரட் என்று அழுத்திச் சொல்லி மாட்டிக்கொள்வது இந்தப் படை வழி வந்ததையே. பிரெஞ்சுத் தொப்பி என்றதும் புதுச்சேரிக் காவலரின் சிவப்புத் தொப்பி நினைவுக்கு வரலாம். அது 'கெப்பி', முகப்பு வைத்த வேறு சாதி.

இசைக்காரர்களிடம் வருவோம். ஓவியர்கள் ரெம்பிராண்டின் படங்களைப் பார்த்து 19ஆம் நூற்றாண்டில் மெத்துத் தொப்பி அணியத் தொடங்கினார்கள். இசையமைப்பாளர் ரிச்சர்ட் வாக்னர் வெல்வெட் பாரெட் இல்லாமல் படத்துக்கு நிற்பது அரிது. கலைஞன் என்றால் பெரே என்ற எண்ணம் அப்படி ஐரோப்பாவில் ஊறியது. ஆனால் அதைத் தெருவுக்கு, இளைஞர் தலைக்கு, விளம்பரத்துக்குக் கொண்டுவந்தவர் தென் கரோலினாவில் செரா என்ற சிற்றூரில் 1917இல் பிறந்த கறுப்பின ட்ரம்பெட் கலைஞர் டிஸ்ஸி கில்லெஸ்பி.

1937இல் டெடி ஹில்லின் இசைக்குழுவோடு அவர் ஐரோப்பாவுக்குப் போனார். பெரே அணியும் பழக்கம் பிரான்சின் நினைவாக வந்திருக்கலாம் என்று 1979இல் வந்த தம் தன்வரலாற்றில் சொல்கிறார். அதைவிட முக்கியமாக இன்னொரு காரணத்தைச் சொல்கிறார். அந்தக் காலத்தில் எல்லோரையும்போல அவரும் விளிம்பு வைத்த தொப்பி போட்டவர். ஐந்து டாலர் கொடுத்து வாங்குவார். எங்காவது வைத்துவிட்டு வந்துவிடுவார். பெரேயைச் சுருட்டிப் பையில் திணித்துக்கொண்டு கிளம்பலாம். ஒலிப்பதிவுக் கூடத்தில் ட்ரம்பெட்டின் ஒலியை அமுக்கும் மியூட் கைக்கு அகப்படாத சமயங்களில் பெரேயைக் கழற்றி வாத்தியத்தின் வாயில் போர்த்தியும் வாசித்திருக்கிறார். அடித்து இறுக்கிய கம்பளி, கூர்மையான பித்தளை ஒலியைக் கொஞ்சம் உறிஞ்சிக்கொண்டு மீதியை மென்மையாக வெளியே விடும். மழைக்காக மேய்ப்பர் இறுக்கிய துணி நியூயார்க்கில் வாத்தியத்தின் அங்கமானது.

அவரும் சார்லி பார்க்கரும் தெலோனியஸ் மங்கும் கென்னி கிளார்க்கும் ஹார்லெமில் மின்டன்ஸ் என்ற விடுதியில் விடிய விடிய வாசித்து உருவாக்கிய புதுவகை ஜாஸ் இசைக்குப் பீபாப் என்று பெயர் வந்ததும் இதே கதைதான். 52ஆம் தெரு விடுதிகளில் கில்லெஸ்பி புதிய உருப்படிகளைப் பெயரிடாமலே வாசிப்பார். குழுவினருக்கு எடுப்பைக் காட்ட நாம் சொற்கட்டு சொல்வதுபோல் வெறும் அசைகளைச் சொல்வார். பெயர் தெரியாத ரசிகர்கள் அந்த அசைகளையே பிடித்துக்கொண்டு "அந்த பீபாப்பை வாசியுங்கள்" என்று கேட்டார்கள். அச்சுக்கு ஏறியது அதுவே. கங்காரு தொப்பி கேட்டவர்களுக்கு ஒரு தலைமுறை முன்னோடிகள் இவர்கள்.

1940களின் பிற்பகுதியில் பீபாப் ரசிகர்கள் கில்லெஸ்பியைப்போலவே பெரே, தடித்த சட்டக் கண்ணாடி, கீழுதட்டுக்கடியில் குறுந்தாடி என்று திரிந்தார்கள். பார்வை நன்றாக இருந்தவர்களும் பவர் இல்லாத கண்ணாடியை மாட்டிக்கொண்டார்கள். பேயார்னில் பெர்ரெட், பாஸ்க்கில் ச்சாபெலா என்றிருந்தது இங்கே 'பாப் தொப்பி' ஆயிற்று.

ஆனால் பத்திரிகைகள் செய்ததை மன்னிக்க எனக்கு மனம் வரவில்லை. 1948இல் 'லைஃப்' இதழ் பீபாப்பைப் பற்றிப் பக்கம் பக்கமாகப் படங்கள் வெளியிட்டது. பெரே, தாடி, கண்ணாடி, கைகுலுக்கும் வேடிக்கை எல்லாம் படமாயின. மேற்கத்திய இசையின் இசைவு இலக்கணத்தையே கலைத்துப் புதிதாக அடுக்கிக்கொண்டிருந்தவர்களை வேடிக்கை மனிதர்களாகக் காட்டி முடித்துவிட்டார்கள். அந்தப் படப்பிடிப்பில் இஸ்லாமியத் தொழுகையைப்போல் நடித்துக் காட்டச் செய்ததை எண்ணிக் கில்லெஸ்பி பின்னாளில் வெளிப்படையாக வருந்தியிருக்கிறார். கறுப்பினக் கலைஞர்களை மகிழ்விப்பவர்கள் என்றே நடத்திய நாட்டில், ரெம்பிராண்டும் வாக்னரும் அணிந்த தொப்பியை அவர்கள் அணிந்தது தாங்களும் கலைஞர்களே என்று சொன்னதாகத்தான் நான் படிக்கிறேன். அதைப் பார்க்க மறுத்தவர்கள் தொப்பியை மட்டும் பார்த்தார்கள். பத்தாண்டு கழித்து, 1958இல், சான் பிரான்சிஸ்கோ பத்திரிகையாளர் ஹெர்ப் கேன் பீட் தலைமுறை இளைஞருக்கு 'பீட்நிக்' என்ற கேலிச்சொல்லை உண்டாக்கியபோது கார்ட்டூன்காரர்களுக்கு வேண்டிய தொப்பி தயாராக இருந்தது. அதைத் தந்த கறுப்பின இசைக்காரர்களின் பெயரைத்தான் யாரும் சொல்லவில்லை.

பிரான்சில் நாஜிகளை எதிர்த்த மறைமுகப் போராளிகளும் பெரே போட்டார்கள். நாஜிகளுக்குத் துணை நின்ற மிலீஸ் படையும் பெரே போட்டது. தொப்பிக்கென்று தனியே கொள்கை எதுவும் கிடையாது. 1966இல் ஓக்லண்டில் ஹூயி நியூட்டனும் பாபி ஸீலும் கறுப்பினத்தவரின் கருஞ்சிறுத்தைகள் கட்சியைத் தொடங்கியபோது கறுப்புப் பெரேயைச் சீருடையாக்கினார்கள். பிரெஞ்சு எதிர்ப்பியக்கம் பற்றிய திரைப்படம் ஒன்று அதற்குத் தூண்டுதல் என்பது அவர்கள் சொல்லிவந்தது. ஏறக்குறைய அரை நூற்றாண்டு கழித்து, 2016 பிப்ரவரியில், அமெரிக்கக் கால்பந்து இறுதிப் போட்டியான சூப்பர் பவுலின் இடைவேளை மேடையில் பாடகி பியான்சேயின் நடனக்காரிகள் கறுப்புப் பெரே அணிந்து ஆடினார்கள். அமெரிக்கா முழுவதும் அதைப் பற்றியே பேச்சு. இடையில் 1985இல் பாடகர் பிரின்ஸ் 'ராஸ்பெரி பெரே' என்ற பாட்டால் பில்போர்டு பட்டியலில் இரண்டாம் இடம்வரை போனார். அரசியல் ஏதுமற்ற காதல் தொப்பி அது.

அதே 1980களில் கிளீட்டர் தொப்பிகள் நியூயார்க்கின் குவீன்ஸ் பகுதிக்கு வந்திருந்தன. காங்கோலின் பக்கெட் தொப்பிக்குக் கம்பெனி வைத்த பெயர் 'பெர்முடா கேஷுவல்'. விடுமுறைக்குப் போகும் நடுவயதுக்காரரை மனத்தில் வைத்துச் செய்தது என்பது பெயரிலேயே தெரிகிறது. முயல் ரோமக் கலவைக்கு 'ஃபர்கோரா'. தட்டைத் தொப்பிக்கு அது ஏறும் அச்சின் எண்ணையே வைத்து '504'. இந்தப் பெயர்களில் எதுவும் தெருவில் செல்லுபடியாகவில்லை. 1985இல் 'ரேடியோ' என்ற முதல் ஆல்பத்தோடு வந்த எல்.எல். கூல் ஜே என்ற பதினேழு வயது ராப் பாடகன் பக்கெட் தொப்பியைக் கழற்றாமல் மேடையேறினான். ரன் டி.எம்.சி. குழுவினர், ஸ்லிக் ரிக், பின்னாளில் மிஸ்ஸி எலியட் என்று வரிசையாக அணிந்தார்கள். பெரேயோ, பக்கெட்டோ, 504ஓ, எல்லாமே 'காங்கோல்'. ஒரு கம்பெனியின் பெயர் பொதுப்பெயர் ஆயிற்று.

பொதுப்பெயர் ஆனதோடு நிற்கவில்லை, ஆட்பெயராகவும் ஆயிற்று. யு.டி.எஃப்.ஓ. என்ற ராப் குழு 1984இல் 'ராக்ஸேன் ராக்ஸேன்' என்ற பாட்டால் பேர்பெற்றது. அந்தக் குழுவில் எப்போதும் காங்கோல் தொப்பியோடு நின்ற ஷான் ஃபெக்கியேர் தமக்குச் சூட்டிக்கொண்ட மேடைப்பெயர் காங்கோல் கிட். 2021 டிசம்பரில் அவர் மறைந்தபோது இரங்கல் செய்திகளெல்லாம் அந்தப் பெயரிலேயே வந்தன. கம்பளியின் வாலிலும் அங்கோராவின் தலையிலும் வெட்டி எடுத்து ஸ்ப்ரைரெகன் ஒட்டிய சொல், ஹைட்டி வம்சாவளியைச் சேர்ந்த நியூயார்க் பாடகர் ஒருவரின் பெயராகக் காலமாயிற்று. இதை எந்த விளம்பர நிறுவனமும் திட்டமிட்டுச் செய்திருக்க முடியாது.

தொப்பியின் பெயர் இப்படி வளர்ந்துகொண்டே போக, அது பிறந்த இடம் தேய்ந்தது. 2002இல் காங்கோல் தொப்பி செய்யும் உரிமம் பென்சில்வேனியாவில் ஆடம்ஸ்டவுன் என்ற ஊரில் 1868இல் தொடங்கிய பால்மன் தொப்பி நிறுவனத்துக்குப் போனது. கிளீட்டரில் மிச்சமிருந்த வேலையும் 2009இல் நின்றது. சீனாவில் ஓடிக்கொண்டிருந்த காங்கோலின் பழைய பின்னல் எந்திரங்களை 2016 வாக்கில் பால்மன் அமெரிக்காவுக்குக் கொண்டுவந்தது. அதற்குப் பொதுமக்களிடம் நிதி திரட்டிய முயற்சிக்கு நடிகர் சாமுவேல் எல். ஜாக்சன் குரல் கொடுத்தார். 1997இல் 'ஜாக்கி பிரவுன்' படத்தில் காங்கோலைப் பின்புறமாகத் திருப்பிப் போட்டு நடித்தவர் அவர். பெரே பின்னிய கம்பர்லாந்துப் பெண்களின் கைவேலையைப் பற்றி எழுதப்பட்டது மிகக் குறைவு. பின்னியவர் பெயர் நிற்பதில்லை என்பதில் எனக்கு வருத்தம் தருவது இந்தப் பகுதிதான்.

நம் அகராதிக்காரர்களிடம் ஒரு வேண்டுகோள். நிகண்டுகள் காலத்திலிருந்தே நமக்கு ஒரு பழக்கம். மரமென்றால் 'மரவகை', மீனென்றால் 'மீன்வகை', ஆடையென்றால் 'ஆடைவகை' என்று எழுதிவிட்டு அடுத்த சொல்லுக்குப் போய்விடுவோம். எந்த மரம், யார் ஆடை என்று தேடுபவர் கையில் எதுவும் அகப்படாது. கொங்காணிக்கும் முண்டாசுக்கும் உருமாலுக்கும் இந்தக் கதிதான். பெரேயும் காங்கோலும் இன்று தமிழ்ப் பத்திரிகைகளில் தாராளமாகப் புழங்குகின்றன. நாளை அகராதியில் ஏறும்போது 'தொப்பிவகை' என்று முடித்துவிடாதீர்கள். யார் பின்னினார்கள், யார் தலையில் ஏறிப் பெயர் பெற்றது என்று இரண்டு வரியாவது சேர்த்து எழுதுங்கள். அதில் டிஸ்ஸி கில்லெஸ்பியின் பெயர் இருக்கட்டும், கிளீட்டரின் பெயரும் இருக்கட்டும்.